கவிழ்த்து வைத்த டம்ளர்

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

என் ஜெராக்ஸ் கடை வைத்திக்குப்பம் போகிற தெருவில் இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் போடுகிற பெட்டி, நான். எதிரே சொல்தா வீடு. சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். வீட்டுக்காரரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியும் தெருவுக்கு அது சொல்தா வீடுதான். மகன் கிளாட்வின் பாரீஸ் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார். அவரைப் பிரெஞ்சு முறையில் முசே என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, வெயிலைத் திட்டிவிட்டு விமானம் ஏறிவிடுவார்.

அந்த வீட்டில் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருப்பவள் லூர்துசெல்வி. வாடகை ஒப்பந்தத்தை டைப் அடித்துக் கொடுத்ததே நான்தான். புருஷன் தனிஸ்லாஸ் கொத்தனார். ஒரே மகள் மெரின் காலாப்பட்டு யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், ஹாஸ்டல். சனிக்கிழமை மட்டும் வருவாள். செல்வி பீச் பக்கம் ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. ஆறு ரூம். படுக்கை விரிப்பு மாற்றுவது, பாத்ரூம் கழுவுவது, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற கடற்கரை மணலைக் கூட்டி அள்ளுவது. காலை ஆறரைக்குப் போனால் மதியம் இரண்டரைக்கு வருவாள்.

தனிஸ்லாஸுக்கு ஒரு பழக்கம். தீப்பெட்டி வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் வாசற்படியில் நின்று "போயிட்டு வரேன்" என்று குரல் கொடுக்காமல் இறங்கமாட்டான். உள்ளேயிருந்து செல்வி "போயிட்டு வாங்க" என்று சொல்லவேண்டும். சொல்லும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தினமும் காலையில் நான் ஷட்டர் தூக்குகிற நேரத்துக்கு இந்தக் கூத்து நடக்கும். "யோவ், ஊரை விட்டா போற? கெளம்புய்யா" என்று நானே கத்தியிருக்கிறேன்.

போன வருஷம் செப்டம்பரில் ஒரு நாள் அவன் சொல்லாமல் போனான். வீட்டுக்குள் பீடி குடிக்கிறான் என்று முந்தின நாள் சண்டை. சமையல்கட்டுச் சுவரில் உப்பு பூத்து உதிர்ந்துகொண்டே இருந்தது. "ஊரான் வீட்டுச் செவுத்தயெல்லாம் பூசற, நம்ம செவுத்துக்கு ஒரு கரண்டி கலவை இல்ல" என்று அவள் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காலையில் அவன் வாயைத் திறக்காமல் சைக்கிளை எடுத்தான். அவளும் எட்டிப் பார்க்கவில்லை. பதினோரு மணிக்குச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று போன் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். கண்ணைத் திறக்கவே இல்லை.

இதெல்லாம் முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் நான் சொல்ல வந்தது ஆரம்பிக்கிறது.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பதரை மணி இருக்கும். சொல்தா வீட்டு வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. முன்னால் இருந்தவன் வெற்றிச்செல்வன், எங்கள் பக்கம் பழைய வீடுகளையெல்லாம் கெஸ்ட் ஹவுஸாக மாற்றிக் கொடுக்கிற காண்ட்ராக்டர். பின்னால் ஐம்பது வயதுக் கொத்தனார் ஒருவர், கையில் கோணிப்பை. வெற்றிச்செல்வன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தான், கதவைத் திறந்தான். கொத்தனாரை உள்ளே விட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

நான் கேட்காமல் இல்லை. அடுத்த வாரம் கேட்டேன். "செல்விகிட்ட சொல்லியாச்சாப்பா?"

"முசே பேசிட்டாரு சார். சும்மா செவுரு, ஜன்னல் பாக்கறது, அளவு எடுக்கறது. செவ்வாக்கெழம எவனும் தளம் போடமாட்டான், புது வேல தொடங்கமாட்டான். ஆளு சும்மா கெடக்கறாரு, அதான் இங்க அனுப்பறேன்."

முசே பேசிவிட்டார் என்றதும் எனக்குப் போதுமாக இருந்தது. கொத்தனார் ஒரு மணி நேரம் கழித்து வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பூட்டை அமுக்கிவிட்டுப் போவார். யாரிடமும் பேசமாட்டார். வேலையைப் பார்த்தோமா போனோமா என்று இருப்பார். வாராவாரம் வந்தார். நான் என் மிஷினில் சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் கடைசியில் செல்வி கடைக்கு வந்தாள். மெரினுக்கு ஏதோ ஸ்காலர்ஷிப், சர்டிபிகேட் நான்கு காப்பி. ஒரு வருஷமாகச் சாம்பல் பூத்துக் கிடந்த முகம் அன்றைக்குத் தெளிவாக இருந்தது. பவுடர்கூடப் போட்டிருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிக்கற மாதிரி இருந்தா சிரிப்பேன். சொல்லு."

"அவரு வர்றாருண்ணே."

"எவரு?"

"மெரின் அப்பா."

நான் மிஷினை நிறுத்தினேன்.

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம வர்றாரு. ரெண்டரைக்கு வந்து கதவத் தெறந்தா வீடு பூரா பீடி வாசன. மொதவாட்டி பின்வீட்டுலருந்து காத்துல வருதுன்னு விட்டுட்டேன். அடுத்த செவ்வாயும் அப்பிடியே. சமையக்கட்டு செவுத்துல உப்பு பூத்துருந்துச்சில்ல, அத சொரண்டி எடுத்துருக்கு. கீழ சுண்ணாம்புத் தூளு. பக்கத்துல பென்சில்ல ஏழு, நாலுன்னு எழுதியிருக்கு. அவரு அங்கதாண்ணே கணக்குப் போடுவாரு. அவரு பழைய எழுத்து இன்னும் கீது. அதுக்குப் பக்கத்துலயே புதுசா எழுதியிருக்கு."

"செல்வி..."

"இருங்க, சொல்லி முடிச்சிடறேன். செவ்வாக்கெழம அந்தோணியார் கெழம. அவரு ஒரு செவ்வாகூட கோயிலுக்குப் போகாம இருந்ததில்ல. அந்த நாளுலதான் மேலருந்து அனுப்பறாங்கபோல. செவுத்தப் பூசித் தரேன்னு சொன்னாரு, பூசாமப் போயிட்டாரு. அத முடிக்க வர்றாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாலு வாரமா பிளாஸ்குல டீ ஊத்தி, அவரு டம்ளர மேசமேல வச்சிட்டுப் போறேன். ரெண்டு ரஸ்க்கு. வந்து பாத்தா டீ இல்ல, ரஸ்க்கு இல்ல. டம்ளரு கழுவி கவுத்து வச்சிருக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "இருவத்திரெண்டு வருசத்துல குடிச்ச டம்ளர ஒரு நாளு கழுவுனதில்லண்ணே அந்த மனுசன். செத்தப்புறம் புத்தி வந்துருக்கு."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வருகிற அந்தக் கொத்தனார் கண் முன்னால் நின்றார். அவர் துடைத்தது அந்த டீயை. இப்போது சொல்லவேண்டும், இந்த நிமிஷமே சொல்லவேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"ஃபாதர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"திட்டுவாரு. கோயில்ல பூச வைங்க, செபம் சொல்லுங்கம்பாரு. மெரின்கிட்டயும் சொல்லல. டாக்டருகிட்ட இழுத்துகினு போவா. உங்ககிட்டதான் சொல்றேன்." காப்பிகளை அடுக்கினாள். "எனக்கு பயமெல்லாம் இல்லண்ணே. ஒரே ஒரு ஆசதான். அன்னிக்கி சொல்லாமப் போனாருல்ல. வந்து வந்து போறவரு ஒரு வாட்டி வாசல்ல நின்னு போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவட்டும். நானும் போயிட்டு வாங்கன்னு சொல்லிடறேன். அது என் தொண்டையிலயே நிக்குதுண்ணே. சோறு எறங்க மாட்டேங்குது."

நான் காப்பிக்குக் காசு வாங்கவில்லை. பெரிய தர்மம் பண்ணிவிட்டதாக நினைப்பு. உண்மையைச் சொல்லத் துப்பில்லாதவன் நாலு காகிதத்தை இனாமாகக் கொடுத்தேன். அவள் தெருவைக் கடந்து போனாள். அவள் நடையில் இருந்த வேகத்தைப் பார்த்து, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. தனிஸ்லாஸ் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். அடுத்த செவ்வாயும் புல்லட் வந்தது. அதற்கு அடுத்த செவ்வாயும் வந்தது. இரண்டு வாரமும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே இப்போது அந்த வீட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. கொத்தனார் தனியாக உள்ளே போவதையும், உள்ளேயிருந்து சுவரைத் தட்டுகிற சத்தத்தையும் கேட்கும்போது, ஒரு நொடி தனிஸ்லாஸேதான் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி இருந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டாமே.

நவம்பர் மூன்றாவது செவ்வாய். புயல் சின்னம் என்று மூன்று நாளாக மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். வைத்திக்குப்பத்துப் படகுகளையெல்லாம் மேலே ஏற்றிவிட்டார்கள். மீன் இல்லை, கூடைக்காரிகள் இல்லை. வெற்றிச்செல்வன் வழக்கம்போலக் கொத்தனாரை இறக்கிவிட்டுப் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். தெருமுனையில் குடையோடு செல்வி வந்தாள். மணி பத்தேகால்.

நான் கடையிலிருந்து குதித்து ஓடினேன். "செல்வி, கொஞ்சம் நில்லு."

"கெஸ்ட்டெல்லாம் காலி பண்ணிட்டாங்கண்ணே. வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாங்க." பேசிக்கொண்டே வந்தவள் வாசலைப் பார்த்தாள். பூட்டு வளையத்தில் திறந்து தொங்கியது. அவள் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விரலை உதட்டில் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. உள்ள இருக்காரு."

"அது அவரு இல்லம்மா." கடைசியில் சொல்லிவிட்டேன். மழைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. அவள் குடையைத் தெருவிலேயே போட்டுவிட்டுப் படியேறினாள். கதவை மெதுவாகத் தள்ளினாள். நான் பின்னால் ஓடினேன்.

சமையல்கட்டில், உரித்த சுவருக்கு முன்னால், தரையில் கோணிப்பையை விரித்து அந்தக் கொத்தனார் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பீடி, மறு கையில் தனிஸ்லாஸின் டம்ளர். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார்.

"வாங்கம்மா. வீட்டுக்காரம்மா நீங்கதானா? நானே பாக்கணும்னு இருந்தேன். எத்தன வீட்டுல வேல பாத்திருக்கேன், ஒரு வாய் தண்ணி குடுக்கமாட்டாங்க. நீங்க வாராவாரம் டீ வச்சிட்டுப் போறீங்க. நல்லாருக்கணும்மா."

செல்வி அப்படியே ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா? உடம்பு சொகமில்லையா?"

"நீங்க யாரு?"

"நாராயணசாமி. தவளக்குப்பம். காண்ட்ராக்டர் அனுப்பினாரு. உங்களுக்குத் தெரியும்னாரே?"

"டம்ளர கழுவி வக்கிறது..."

"நாந்தாம்மா. எச்ச டம்ளர அப்பிடியே வச்சிட்டு வர மனசு வரல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சுவரில் இருந்த ஏழையும் நாலையும் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எதிர்லயே இருக்கீங்களேண்ணே. இவரு வர்றத பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நான் வந்து சொன்னன்னிக்கி?"

"அன்னிக்கே தெரியும்மா."

"ம்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு முறை அவளுக்குப் புருஷன் செத்தான். இரண்டாவது முறை எனக்கும் அதில் பங்கு உண்டு.

நாராயணசாமி எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ, பெருமாளே" என்று தலையில் கை வைத்தபடி தூணில் சாய்ந்துகொண்டார். "செத்தவருக்கு வச்சதயா நான் குடிச்சேன்? ஏழு வாரமா?" உடனே வெற்றிச்செல்வனுக்குப் போன் போட்டார்.

வெற்றிச்செல்வன் வந்தான், ரெயின்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட. செல்வி எழுந்து நின்றாள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் என்ன யோசித்தாளோ, குரல் கணீர் என்று வந்தது.

"யாரக் கேட்டு என் வீட்ட தெறந்த?"

"சாவி முசே குடுத்ததுக்கா. அவரு வீடுதான?"

"அவருக்குப் போனப் போடு."

அங்கே விடிகிற நேரம். முசே கிளாட்வின் தூக்கக் கலக்கத்தில் ஸ்பீக்கரில் வந்தார். "என்ன செல்வி, இதுக்கெல்லாமா? வீட்டை ரிப்பேர் பண்ணப் போறேன். என் வீட்டுக்கு நான் ஆள் அனுப்ப யாரைக் கேக்கணும்?"

"என்னக் கேக்கணும் முசே. நான் வேல செய்யற எடத்துல ஒரு ராத்திரி தங்க வர்றவன் ரூமக்கூட, மாஸ்டர் சாவி என் இடுப்புல தொங்கும்போதே, மூணு தட்டு தட்டி, ஹவுஸ்கீப்பிங்னு சொல்லி, ஒரு நிமிசம் நின்னுதான் தெறப்பேன். உள்ள ஆளில்லன்னு தெரிஞ்சாலும் தட்டுவேன். அது அவன் ரூம்பு. காசு குடுத்த வரைக்கும் அவனுது. நான் பதினோரு வருசமா குடுக்கறேன். என் கதவ ஒருத்தன் தட்டுனானா?"

"எதையாவது எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க" என்றாள். "அத உங்களுக்குச் சொன்னா புரியாது."

முசே என்னவோ பிரெஞ்சில் முணுமுணுத்தார். நான் நடுவில் புகுந்தேன். எனக்கும் ஏதாவது செய்தாக வேண்டுமே. "முசே, நான் எதிர்க்கடை அருள்முருகன். ஒப்பந்தம் நான் டைப் அடிச்சது. ஏழாவது ஷரத்து: வீட்டுக்காரரோ அவரோட ஆளோ பாக்க வரணும்னா ஒரு நாள் முன்னாடி எழுத்து மூலமா சொல்லணும், பகல் நேரத்துல, குடியிருக்கறவங்க சம்மதத்தோட வரணும். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அதெல்லாம் சும்மா ஒரு ஃபார்ம்ல இருக்கறது..."

"கையெழுத்து சும்மா இல்லையே முசே. இவங்க கோர்ட்டுக்குப் போனா காப்பி நான்தான் எடுத்துக் குடுப்பேன்."

வெற்றிச்செல்வன் என்னை முறைத்தான். "அன்னிக்கு எங்கிட்ட விசாரிச்சப்ப சார் இத சொல்லலையே" என்றான். அதுவும் உண்மைதான்.

மறுநாள் செல்வி கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வணக்கம் இல்லை, அண்ணே இல்லை. "லெட்டர் எழுதணும்" என்றாள். நான் டைப் அடித்தேன். வருவதாக இருந்தால் முந்தின நாளே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நான் வீட்டில் இருக்கும்போதுதான் வரவேண்டும். கதவைத் தட்ட வேண்டும். மாற்றுச் சாவியை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. மே மாதம் ஒப்பந்தம் முடிகிறவரை வீடு என் பொறுப்பில் இருக்கும். எல்லாம் அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"இன்னொண்ணு போடுங்க. வந்தவங்க போவும்போது சொல்லிட்டுப் போவணும்."

கீபோர்டில் என் கை நின்றது. "அது சட்டத்துல இல்லம்மா. லெட்டர்ல இருந்தா சிரிப்பாங்க."

"போடுங்க."

போட்டேன். ஸ்கேன் செய்து பாரீஸுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து முசேயிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது, சரி என்று. படித்தாரோ இல்லையோ தெரியாது. வீடு மே மாதம் கெஸ்ட் ஹவுஸாகப் போவது உறுதி என்று வெற்றிச்செல்வன் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதை அவளால் தடுக்க முடியாது, அது அவளுக்கும் தெரியும். சனிக்கிழமை வந்த மெரினிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். அம்மாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு அன்றைக்குத்தான் அழுதார்கள். தெருவுக்கே கேட்டது.

இரண்டு செவ்வாய் யாரும் வரவில்லை. செல்வி வேலைக்குப் போனாள், வந்தாள். பிளாஸ்கைக் கழுவி அலமாரியில் ஏற்றிவிட்டாள் என்று மெரின் சொன்னாள். வீட்டில் பீடி வாசனை இல்லை. "எங்கம்மாவுக்கு இப்பதான் வீடு காலியா இருக்காம் மாமா. ராத்திரியெல்லாம் வெளக்க அணைக்க மாட்டேங்கறாங்க" என்றாள்.

டிசம்பர் முதல் திங்கள்கிழமை செல்வியின் போனுக்கு வெற்றிச்செல்வனிடமிருந்து செய்தி வந்தது: நாளை காலை பத்து மணிக்குச் சமையல்கட்டுச் சுவர் பூச்சு வேலை, நாராயணசாமி கொத்தனார் வருவார், சம்மதமா? செல்வி அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "ஒரு காப்பி போட்டுக் குடுங்கண்ணே" என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த அண்ணே.

மறுநாள் அவள் லீவு போட்டாள். பத்து மணிக்கு நாராயணசாமி வந்தார், தனியாக, பஸ்ஸில். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினார். சாத்தியிருந்த கதவை மூன்று முறை தட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றார். செல்வி உடனே திறக்கவில்லை. அவர் மழைத்தூறலில் நின்றார். பிறகு கதவு திறந்தது.

மதியம் மூன்று வரைக்கும் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இடையில் ஒரு முறை, "வேற டம்ளருல குடுங்கம்மா, அதுல வேணாம்" என்று நாராயணசாமியின் குரல். "பரவால்ல, அதுலயே குடிங்க. அது சும்மாதான கெடக்குது" என்று அவள் குரல். அப்புறம் மறுபடியும் கரண்டிச் சத்தம்.

வேலை முடிந்து அவர் கைகால் கழுவி, கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். படியில் இறங்கியவர் நின்றார். லெட்டரில் இருந்ததை அவரிடம் யாராவது சொன்னார்களா, இல்லை அவராகத்தானா, நான் இதுவரை கேட்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

"போயிட்டு வரேம்மா."

பதில் வரவில்லை. அவர் நகரவில்லை. மழைத்தூறல் நரைத்த தலையில் விழுந்துகொண்டிருந்தது. நான் கடைக்குள் எழுந்து நின்றேன். செல்வி வாசலுக்கு வந்தாள், கையில் அந்த டம்ளர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. மூன்றாவது முறைதான் சத்தம் வந்தது.

"போயிட்டு வாங்க."

நாராயணசாமி தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். அவள் உள்ளே போகவில்லை. அவர் தெருமுனையில் திரும்பி, தெருவில் யாருமே இல்லாமல் போன பிறகு, தனிஸ்லாஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்தைப் பார்த்து, இன்னொரு முறை சொன்னாள்.